நாலு வாசல்

ரெண்டாவது களை எடுத்து முடிச்ச மறுநாள் நானும் என் மச்சினனும் கல்கத்தா கிளம்பினோம். ஊர்ல யார்கிட்ட சொன்னாலும் முதல்ல சிரிச்சாங்க. "மக்காச்சோளம் கதிர் புடிக்கிற நேரத்துல எவனாவது ஊர் சுத்தப் போவானா? பன்னி வந்து உழுதுட்டுப் போயிரும்யா" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். அவர் சொன்னதும் நியாயம்தான். எங்க சாத்தூர் பக்கத்துக் கரிசக்காட்டில் இப்போ மழை பொய்க்கிறதைவிட காட்டுப்பன்னிக்குத்தான் பயம் ஜாஸ்தி. ராத்திரி காவலுக்கு வீட்டுக்காரியும் மூத்த பையனும் என்று ஏற்பாடு. "என் தம்பி வாயைத் திறந்து ஒண்ணு கேட்டு ரெண்டு வருஷமாச்சு. கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றாள். அதுக்கு மேல் நான் என்ன பேச?

மாப்ளைக்கு வயசு 48. பதினெட்டு வயசுல பட்டாசு ஆலைக்குள்ள போனவன். குழாய் ஒட்டினான், மருந்து செலுத்தினான், படிப்படியா போர்மேன் ஆனான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் பக்கத்து அறையில் மணி மருந்து உராய்ஞ்சு பத்திக்கிச்சு. இவனுக்கு ரெண்டு கையும், இடது பக்கக் கழுத்தும் வெந்துபோச்சு. நாற்பது நாள் ஆஸ்பத்திரி. "எனக்கு ஒண்ணும் ஆகலை மச்சான்" என்றுதான் இன்னைக்கும் சொல்லுவான். அந்த அறைக்குள்ள இருந்தவங்களை நினைச்சுச் சொல்றது அது.

ஆஸ்பத்திரியில் கிடந்தப்போ ஒருநாள் சொன்னான்: "இந்தத் தொழிலைக் கத்துக்க நம்ம ஆளுங்க கல்கத்தாவுக்குப் போனாங்கள்ல? அந்த ஊரை ஒருதடவை பார்க்கணும்."

சிவகாசிக்காரங்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். நூறு வருஷத்துக்கு முன்னால், 1920-களின் தொடக்கத்தில், அய்ய நாடார், சண்முக நாடார் என்ற ரெண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினாங்க. அப்போ தீக்குச்சியே சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்துக்கிட்டிருந்த காலம். சில மாதம் அங்கே தங்கி தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டுத் திரும்பினாங்க. முதல்ல தீப்பெட்டி, அதுக்கு லேபிள் ஒட்டணுமேன்னு அச்சகம், அப்புறம் மத்தாப்பு, வெடி. இன்னைக்கு உங்க வீட்டுச் சுவரில் தொங்குற தினசரி காலண்டர் வரைக்கும் அந்த ரயில் பயணத்தின் வால்தான். மழை பெய்யாத பூமி. வெள்ளாமையை நம்பி எல்லாரும் உட்கார்ந்திருக்க முடியாதுன்னு தெரிஞ்சவங்க போன பயணம் அது.

எங்க கணக்கு, ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய். சாத்தூரிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஹவுரா, எல்லாம் சாதா ஸ்லீப்பர். போகவர ரயிலுக்கே நாலாயிரத்துச் சொச்சம் போயிருச்சு. சென்னையிலிருந்து மட்டும் 1,660 கிலோமீட்டர். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையும் சீவலும் விசாகப்பட்டினம் வரைக்கும் தாங்கிச்சு.

ஹவுரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா கண்ணு முன்னால பாலம். 1943-ல் திறந்தது. நட்டு, போல்ட்டு கிடையாது. முழுக்க ரிவெட் அடிச்சுச் சேர்த்த இரும்பு. பஸ்ஸில் ஏறாமல் நடந்தே கடந்தோம், காசும் மிச்சம். அந்த ரெண்டு பேர் வந்தப்போ இந்தப் பாலம் இல்லை. 1874-லிருந்து அங்கே இருந்தது படகுகளைக் கோத்து மேலே பலகை போட்ட மிதவைப் பாலம். கப்பல் போகணும்னா நடுவில் பிரிச்சு வழி விடுவாங்களாம். "அப்ப காத்துக்கிட்டு நின்னிருப்பாங்க" என்றான் மாப்ள. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுக் கங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அங்கே ஹூக்ளின்னு சொல்றாங்க.

பாலத்துக்கு அடியில் மல்லிக் காட் பூ மார்க்கெட். செவ்வந்தியை மலைப்பாம்பு மாதிரி சுத்திச் சுத்திக் கோத்து, ஆளுக்கு இருபது சரம் தோளில் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைப் பார்த்தவனுக்கே மூச்சு முட்டுது. பூவில் நடக்கிறோமா சேற்றில் நடக்கிறோமா என்று தெரியாது.

அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தா பர்ராபஜார். உங்களுக்கு மதுரை கீழமாசி வீதி தெரியும்னா அதை முப்பது மடங்கு பெருக்கிக்கோங்க. சென்னைக்காரங்க பாரிமுனையையும் சவுகார்பேட்டையையும் ஒண்ணா உருட்டிக்கோங்க. சரக்குக்கு ஒரு சந்து: ஒண்ணில் துணி, ஒண்ணில் விளக்கு, ஒண்ணில் பொம்மை, ஒண்ணில் பிளாஸ்டிக். நடுவில் கட்ரா என்று சொல்ற பழைய வணிகக் கட்டடங்கள். உள்ளே போனா மாடிக்கு மாடி பொட்டிக்கடை. தெருவில் வண்டியைவிட தலைச்சுமை வேகமாப் போகுது. "சைடு! சைடு!" என்று ஒரு சத்தம் பின்னால் கேட்டா திரும்பிப் பார்க்காம ஒதுங்கணும். திரும்பிப் பார்த்தா மூட்டை நம்ம மூக்கில் இடிக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் ரெண்டு இடி வாங்கினேன்.

சல்லிசான லாட்ஜ் தேடினோம். முதல் லாட்ஜில் அறை நல்லாத்தான் இருந்துச்சு, 500 ரூபாய். மாப்ள உள்ளே போகலை. மாடிப்படியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், "வேணாம் மச்சான்" என்றான். ரெண்டாவது லாட்ஜிலும் அதே கதை. மூணாவதில் எனக்குக் கோபம் வந்துருச்சு. பையைத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறி இறங்கினா யாருக்குத்தான் வராது?

"என்னடா குறை இதுல?"

"வாசல் ஒண்ணுதான் மச்சான். ஜன்னலுக்குக் கம்பி அடிச்சிருக்கான். படிக்கு அடியில அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கான். கீழ புடிச்சா மேல இருக்கிறவன் எங்க போவான்?"

எங்க பக்கத்துப் பட்டாசு அறையை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி, சின்னச் சின்ன அறைகளா பொட்டல் காட்டில் நிற்கும். அறைக்கு நாலு பக்கமும் வாசல். கதவு வெளிப்பக்கம்தான் திறக்கணும். வாசலில் ஒரு துரும்பு வைக்கக் கூடாது. உள்ளே நாலு பேருக்கு மேல் கூடாது. பருத்தித் துணிதான் உடுத்தணும். மருந்துக் கலவையை வெயில் ஏறும் முன்னே முடிச்சிரணும், கலந்த மருந்தை அன்னைக்கே தீர்த்திரணும். முப்பது வருஷம் இதையே பார்த்தவனுக்கு எந்தக் கட்டடத்துக்குள்ள போனாலும் கண்ணு முதல்ல வாசலைத்தான் எண்ணும்.

அவன் பயந்ததும் சும்மா இல்லை. 2025 ஏப்ரல் 29 ராத்திரி இதே பர்ராபஜாரில், மெச்சுவா பழ மார்க்கெட் பக்கம், ஒரு ஹோட்டலில் தீப்பிடிச்சு 14 பேர் செத்துப்போனாங்க. அதில் நம்ம கரூர்ப் பக்கத்திலிருந்து சுற்றுலா போனவங்களும் உண்டு. சல்லிசா ஊர் பார்க்கப் போறவங்க எல்லாரும் அறை வாடகையைத்தான் கேட்போம். நானும் அப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்.

கடைசியில் ஒரு பழைய தர்மசாலையில் இடம் கிடைச்சுது. நடுவில் பெரிய முற்றம், சுத்தி வராண்டா, ரெண்டு பக்கம் படி. அறைக்கு 600 ரூபாய், வெந்நீர் வாளிக்குத் தனிக் காசு. மாப்ள முற்றத்தில் நின்னு வானத்தைப் பார்த்தான். "இது போதும்."

மறுநாள் விடியக்காலம் பனி மூட்டத்தில் கிளம்பினோம். டிரெட்டி பஜாரில் சீனக்காரங்க தெருவோரம் ஆவி பறக்கப் பலகாரம் விக்கிறாங்க. ரெண்டு நூறு வருஷமா அந்த ஊரில் இருக்கிற சனம். "வெடியைக் கண்டுபிடிச்சவங்க வம்சம், காலையில இட்லி மாதிரி எதையோ அவிச்சு விக்கிது பாருங்க" என்று அன்னைக்குத்தான் மாப்ள முதல் தடவையா சிரிச்சான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அர்மீனியர் தெரு. அதில் 1724-ல் கட்டின சர்ச்; கல்கத்தாவில் இருக்கிறதிலேயே பழைய சர்ச் அதுதான். நம்ம சென்னையிலும் அர்மீனியர் தெரு இருக்கே, அதைத்தான் நம்ம ஜனங்க அரண்மனைக்காரன் தெருன்னு ஆக்கிட்டாங்க. ரெண்டு ஊரிலும் யாவாரத்துக்கு வந்தவங்க ஒரே ஆளுங்க. சர்ச்சுக்குள்ளே கால் வைச்சதும் வெளிச் சத்தம் அப்படியே நின்னுபோச்சு. கல்லறைக் கல் மேல் ஒரு பூனை படுத்திருந்தது. டிக்கெட் கிடையாது.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. மண் குவளையில் டீ, கச்சோரி, உருளைக்கிழங்குக் குழம்பு. மத்தியானம் வங்காளிகளோட சோத்துக் கடை. வாழை இலைக்குத் தனிக் காசு, எலுமிச்சைத் துண்டுக்குத் தனிக் காசு, ஆனா மொத்தம் கூட்டினாலும் நம்ம ஊர் ஹோட்டலில் பாதி. மார்கழியில் போனதில் ஒரு லாபம், புது வெல்லம். ஈச்ச மரத்தில் இறக்கின சாற்றைக் காய்ச்சி எடுக்கிறது. நொலென் குர் என்கிறாங்க. வாயில் போட்டதும் கருப்பட்டி ஞாபகம் வந்துருச்சு. பனையை நாம வெட்டித் தள்ளினோம், இவங்க ஈச்சமரத்தை வெச்சு ஊருக்கே இனிப்புச் செய்றாங்க. அரைக் கிலோ வாங்கிப் பையில் வச்சேன்.

போஸ்தா பக்கம் மளிகை மொத்தக் கடைகளுக்கும் போனேன். விவசாயி எங்கே போனாலும் தன் சரக்கு விலையைக் கேட்காம வரமாட்டான். மிளகாய்ச் சாக்குகள் மலையா இருக்கு. நீளமான வத்தல்தான். பையிலிருந்து எங்க குண்டு வத்தல் நாலை எடுத்துக் கடைக்காரர் கையில் வச்சேன். உருட்டிப் பார்த்தார், குலுக்கினார், உள்ளே விதை கலகலன்னுச்சு. "இது மிளகாயா, கொட்டையா?" என்று ஜாடையில் கேட்டார். கிள்ளி நாக்கில் வச்சவர் தண்ணி கேட்டார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சாயங்காலம் கேனிங் தெருவுக்கு வந்தோம். அங்கேதான் பாக்ரி மார்க்கெட். 2018 செப்டம்பர் 16 அதிகாலை பிடிச்ச தீ, நாள் கணக்கா எரிஞ்ச கட்டடம். உயிர்ச்சேதம் இல்லை, சின்ன யாவாரிகளோட பூஜைக்காலச் சரக்கு மொத்தமும் சாம்பல். தெரு நெருக்கம், தலைக்கு மேல் வயர், தெருவோரம் கடை. தீயணைப்பு வண்டி நிறுத்தித் தண்ணி அடிக்கிறதே பெரும்பாடு ஆயிருக்கு. இப்போ திரும்பவும் கடைகள் நடக்குது. அந்தத் தெருவில் எரிஞ்ச வாசனை ஒண்ணும் இல்லை, சென்ட்டு வாசனைதான்.

அதே வட்டாரத்தில் வேறொரு கட்டடம், பேர் வேணாம். பிள்ளைகளுக்கு வளையல் வாங்கலாம்னு ரெண்டாவது மாடிக்கு ஏறினேன். ஆள் ஒருக்களிச்சுத்தான் ஏற முடியும். படியோட ஒரு பக்கம் முழுக்க பிளாஸ்டிக் பொம்மை மூட்டை. தலைக்கு மேல் வயர் சடைசடையாத் தொங்குது. திரும்பிப் பார்த்தா மாப்ளையைக் காணோம். இறங்கி வந்தேன். முதல் திருப்பத்தில் சுவரோடு ஒட்டி நிக்கிறான். முகம் வேர்த்திருக்கு, அந்தக் குளிரில். வெந்த கையால சுவரைத் தடவிக்கிட்டே "எத்தனை பேர் மச்சான் மேல?" என்றான். "எனக்கென்னடா தெரியும்?" என்றேன். "யாருக்குமே தெரியாது. அதான்" என்றான். கையைப் பிடிச்சு வெளியே கூட்டி வந்தேன். வளையல் வாங்கலை.

அன்னைக்கு ராத்திரி தர்மசாலை முற்றத்தில் உட்கார்ந்துதான் விஷயத்தைச் சொன்னான். தீபாவளி முடிஞ்சதும் ஒருத்தர் வந்து பார்த்திருக்கார். லைசென்ஸ் ஒருத்தர் பேரில் இருக்க, அறைகளைப் பிரிச்சு உள்வாடகைக்கு எடுத்து நடத்துறவர். எங்க பக்கம் பல விபத்துக்குப் பின்னால் இந்த உள்வாடகைதான் இருக்கும். எடுத்த காசை ஒரு சீசனுக்குள்ள பார்க்கணும்னு நாலு பேர் அறையில் எட்டுப் பேரை உட்கார வைப்பாங்க. பத்தலைன்னா வேப்பமரத்தடியில் வச்சு மருந்து திணிப்பாங்க. அவருக்கு ஒரு போர்மேன் வேணும். "நீ வேலைகூடப் பார்க்க வேணாம். உன் சான்றிதழும் கையெழுத்தும் போதும். மாசம் நாற்பதாயிரம், முன்பணம் ஒரு லட்சம்" என்றிருக்கார். விபத்து நடந்தா மறுநாள் பேப்பரில் 'போர்மேன் கைது' என்று வருமே, அந்தப் போர்மேனுக்கு இவன்.

இங்கே என் கதையையும் சொல்லியாகணும். மாப்ளையோட வைத்தியத்துக்கு வீட்டுக்காரி நகையை அடகு வச்சு 90,000 கொடுத்தேன். வட்டி இன்னும் ஓடுது. போன ஆவணியில் கிணத்து மோட்டார் எரிஞ்சுபோச்சு. ரெண்டு ஏக்கர் மிளகாய்க்குப் பக்கத்துக் கிணத்தில் மணிக்கு இவ்வளவுன்னு தண்ணி வாங்கிப் பாய்ச்சுறேன். ஒரு லட்சம்னு அவன் சொன்னதும் என் மனசு கணக்குப் போட்டுருச்சு. அடகு போக, பத்தாயிரம் மிச்சம்.

"என்ன மச்சான் சொல்றீங்க?" என்றான்.

'வேணாம்'னு ஒரு வார்த்தை. என் வாயில் வரலை. "உனக்குத் தெரியாததா, யோசிச்சுச் செய்" என்று சொல்லிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டேன். சாயங்காலம் அவன் வேர்த்து நின்னதைப் பார்த்த பிறகும் அப்படித்தான் சொன்னேன்.

கடைசி நாள் காலையில் தெருமுனையில் மூட்டை தூக்குறவங்களோட உட்கார்ந்து சத்து மாவு கரைச்சுக் குடிச்சோம். வறுத்த கடலைமாவில் தண்ணி ஊத்தி, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை. இருபது ரூபாய், மத்தியானம் வரை பசிக்காது. பக்கத்தில் ஒரு பெரியவர், பீகார்க்காரர். ஆலையில் வடநாட்டுப் பையன்களோட பேசிப் பழகினதில் மாப்ளைக்கு இந்தி கொஞ்சம் வரும். பெரியவருக்கு ஊரில் ரெண்டு பிகா நிலம். கோதுமையை விதைச்சுட்டு வருவாராம், அறுப்புக்குத் திரும்பிருவாராம். முப்பது வருஷமா இப்படி. கேட்டதும் எனக்கு அவர் எங்க ஊர்க்காரராவே ஆயிட்டார். எங்க ஊரிலும் விதைச்சுட்டு ஆலைக்குப் போய், அறுப்புக்குக் காட்டுக்கு வர்றவங்கதானே பாதிப் பேர்?

"ஒரு நடைக்கு எவ்வளவு தூக்குவீங்க?" என்று மாப்ள கேட்டான். ஒரு குவிண்டாலுக்கு மேல என்றார். அதுக்கும் மேல வச்சா?

"வேணாம்னு இறக்கச் சொல்லிருவேன். தூக்கி விடுறவனுக்கென்ன? கழுத்து என்னோடதுல்ல."

மாப்ள அதை எனக்குத் தமிழில் சொல்லிட்டு, தம்ளரைக் கழுவி வச்சான்.

திரும்பி வர்ற ரயிலில் நான் சரியாத் தூங்கலை. சிலிகா ஏரி போச்சு, விசாகப்பட்டினம் போச்சு. ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலத்து மேல ரயில் தடதடன்னு போகும்போது வாயைத் திறந்தேன். "மாப்ள, அந்த வேலை வேணாம். மோட்டாருக்கு நான் ஒரு வழி பண்ணிக்கிறேன்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கிட்டே சொன்னான்: "ஹவுரா ஸ்டேஷன்லயே போன் போட்டு மாட்டேன்னு சொல்லிட்டேன் மச்சான்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஆயிருக்கு. அதுக்குள்ள அதுக்குத் தேவையும் இல்லாமப் போச்சு.

கணக்கைச் சொல்லிடுறேன், யாராவது போகணும்னா உதவும். ரயில் 4,200. மூணு ராத்திரி தங்க 1,800. சாப்பாடு, டீ, பஸ் எல்லாம் 2,400. வெல்லம், பிள்ளைகளுக்குத் துணி 900. ஆக 9,300. அறை எடுக்கும் முன்னே மாடிப்படியையும் ஜன்னலையும் ஒருதடவை பார்த்திருங்க. அதுக்குக் காசு கிடையாது. ரங்கநாதன் தெருவுக்குப் போனாலும்தான்.

மாப்ள இப்போ சிவகாசியில் ஒரு அச்சகத்தில் சரக்குக் கட்டி அனுப்புற வேலை பார்க்கிறான். சம்பளம் பட்டாசில் வாங்கினதில் பாதி. மாசம் ஆயிரம் ரூபாய் அவன் அக்கா கையில் கொடுக்கிறான், வேணாம்னாலும் கேட்கலை. மோட்டாரைக் கழட்டி காயில் கட்டக் கொடுத்திருக்கேன். மிளகாய்க்கு இன்னும் பக்கத்துக் கிணத்துத் தண்ணிதான்.

ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டு எந்திரிச்சவன் கையைக் கழுவிட்டுப் பின்கட்டுக்குப் போனான். எங்க வீட்டுக்குப் பின்வாசல் ஒண்ணு உண்டு. அறுத்து வச்ச மக்காச்சோளத்தைச் சாக்குச் சாக்கா அங்கேதான் அடுக்கியிருந்தேன், கதவு திறந்து ஒரு மாசம் இருக்கும். மாப்ள ஒரு வார்த்தை பேசாம ஒவ்வொரு சாக்கா இழுத்து மாட்டுக் கொட்டத்துப் பக்கம் வச்சான். அந்தக் கையால பாரம் தூக்குறது கஷ்டம். நான் போய் மறுபக்கம் பிடிச்சேன். இருபத்திரண்டு சாக்கு.